மூன்று கதவும் திறந்திருந்த பையன்: அமெரிக்க மிட்ஃபீல்டர் 18 வயதில் எங்கே போகலாம்?

போன வாரம் அக்கா டெக்சாஸிலிருந்து போன் செய்தாள். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் குடும்பம். மகனுக்கு 17 நடக்கிறது. ஆறு வயதில் கால்பந்தைத் தொட்டவன், இரண்டு வருடமாக நடுக்களத்தில் ஆடுகிறான். “கிளப்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்கடா. அத்தான் காலேஜ்தான்னு நிக்கிறார். நடுவுல ஒருத்தர் வந்து ஐரோப்பாவுக்கு அனுப்புங்கன்னு ஆசை காட்டிட்டுப் போறார். நீதான் ராத்திரியெல்லாம் முழிச்சு மேட்ச் பாக்குறவன். எது சரின்னு நீ சொல்லு.”

ஒரு வாரம் டைம் கேட்டேன். எந்த லீக் பெரியது என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். இந்தப் பையன் எங்கே போனால் வளர்வான் என்பதற்கு அப்படிச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. யோசிக்க யோசிக்க, அதே டாலஸ் பக்கத்தில் வளர்ந்த இன்னொரு பையன்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தான். மூன்று கதவும் ஒரே கோடையில் அவன் முன்னால் திறந்து நின்றன.

வெஸ்டன் மெக்கென்னி. 2009ல் எஃப்சி டாலஸ் அகாடமிக்குள் வந்தவர். 2016ல் அவர் கையில் மூன்று வாய்ப்புகள் இருந்தன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்வதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். டாலஸ் கிளப், தானே வளர்த்த பையன் என்பதால் ‘ஹோம்குரோன்’ ஒப்பந்தம் நீட்டியது. ஜெர்மனியின் ஷால்க் 04 கூப்பிட்டது. இதில் எதுவுமே சோடையான வாய்ப்பு இல்லை. வர்ஜீனியா 2014ல்தான் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றிருந்தது. டாலஸ் 2016ல் அமெரிக்காவின் முதல்நிலை தொழில்முறை லீக்கான எம்எல்எஸ்ஸின் லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்து சப்போர்ட்டர்ஸ் ஷீல்டை வாங்கியது, யுஎஸ் ஓபன் கோப்பையையும் சேர்த்து வாங்கியது. அமெரிக்காவின் அந்த வருடத்து மிகச் சிறந்த கிளப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 18 வயது நிறைந்ததும் மெக்கென்னி ஷால்க்குக்குப் போனார்.

அவர் எடுத்த முடிவு சரியாக அமைந்தது. ஏன் சரியாக அமைந்தது, அது அக்கா மகனுக்கும் பொருந்துமா என்பதுதான் என் கவலை.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கேள்வி ஸ்டிரைக்கருக்கு வேறு, மிட்ஃபீல்டருக்கு வேறு. ஸ்டிரைக்கராக இருந்தால் 75வது நிமிடத்தில் இறக்கிவிட்டால் போதும். ஒரு கோல் அடித்தால் அடுத்த வாரம் பேப்பரில் பெயர் வரும். நடுக்களத்தில் அப்படி நடக்காது. அங்கே பந்து முதுகுப் பக்கத்திலிருந்தும் வரும், பக்கவாட்டிலிருந்தும் வரும். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனதில் வரைந்து வைத்திருக்க வேண்டும். இந்தப் பார்வை பயிற்சியில் கொஞ்சம் வரும், மீதி ஆட்டத்தில்தான் வரும். அதுவும் தன்னைவிடப் பலசாலியான, அனுபவசாலியான ஆட்களோடு ஆடும்போது வரும். அதனால் 18 வயதிலிருந்து 20 வயது வரை ஒரு மிட்ஃபீல்டருக்குக் கிடைக்கிற நிமிடங்கள்தான் அவனுடைய சொத்து. சம்பளம், ஜெர்சி, ஸ்டேடியம் எல்லாம் அதற்கு அப்புறம். மூன்று கதவையும் இந்த ஒரே தராசில்தான் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

கல்லூரி

அத்தானின் கட்சி இது. அவர் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. முழங்கால் ஒரு தடவை போனால் போதும், டிகிரி கையில் இருந்தால் வாழ்க்கை ஓடும். ஆனால் ஆட்டத்தின் கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் ஆட்டங்கள், அதையும் மூன்றரை மாதத்தில் திணித்து ஆடுவார்கள். வாரத்துக்கு இரண்டு மேட்ச் சர்வசாதாரணம். இன்னொரு பெரிய வித்தியாசம், வெளியே போன ஆட்டக்காரர் மறுபடியும் உள்ளே வரலாம். உலகத்தில் வேறெங்கும் தொழில்முறை ஆட்டத்தில் இது கிடையாது. இதனால் களத்தில் எப்போதும் புதுக் கால்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்டம் ஓட்டப்பந்தயம் மாதிரி ஆகிவிடும். 70வது நிமிடத்தில் மூச்சு வாங்கும்போது பந்தை எப்படி வைத்துக்கொள்வது, ஆட்டத்தின் வேகத்தை எப்படிக் குறைப்பது என்கிற வித்தையை மிட்ஃபீல்டர் அங்கே கற்றுக்கொள்ள வாய்ப்பு குறைவு.

பணமும் நினைக்கிற மாதிரி இல்லை. ஆண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப் என்பது வெகுகால விதி. அந்த 9.9ஐ அணியில் இருக்கிற இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது விதிகள் தளர்ந்திருக்கின்றன என்றாலும், ‘கால்பந்து ஆடினால் படிப்பு இலவசம்’ என்று நம்பி உட்காரக் கூடாது என்று அக்காவிடம் அழுத்திச் சொன்னேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் கல்லூரிக் கதவை நான் மூட மாட்டேன். கிளின்ட் டெம்ப்ஸி வந்தது அந்த வழியில்தான். டெக்சாஸின் நாக்கடோச்செஸ் என்கிற சின்ன ஊர், டிரெய்லர் வீட்டில் வளர்ந்த குடும்பம். நல்ல கிளப்பில் ஆட வேண்டும் என்றால் மூன்று மணி நேரம் காரில் டாலஸ் போக வேண்டும், மறுபடி மூன்று மணி நேரம் திரும்பி வர வேண்டும். அப்படி வளர்ந்தவர் தென் கரோலினாவில் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் ஆடினார், எம்எல்எஸ் கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற 2004 டிராஃப்டில் எட்டாவது ஆளாக நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் எடுத்தது. 2007 ஜனவரியில் இங்கிலாந்தின் ஃபுல்லம் அவரை 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த வருட மே மாதம் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல்தான் ஃபுல்லத்தை பிரீமியர் லீக்கில் நிற்க வைத்தது. 2010ல் இத்தாலியின் யுவென்டஸ் கோல்கீப்பரின் தலைக்கு மேலே அவர் மெதுவாக ஏற்றிவிட்ட அந்தப் பந்தை இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பேன். அமெரிக்காவுக்கு 57 கோல்.

கிறிஸ்டியன் ரோல்டனும் இதே வழிதான். கலிபோர்னியாவின் பீகோ ரிவேராவில் வளர்ந்தவர், குவாதமாலா அப்பா, எல் சால்வடோர் அம்மா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன் ஆடிவிட்டு 2015ல் சியாட்டில் சவுண்டர்ஸுக்கு வந்தார், டிராஃப்டில் 16வது ஆளாக. அதற்குப் பிறகு வேறு கிளப்பே கிடையாது. 2016, 2019 எம்எல்எஸ் கோப்பைகள், 2022ல் வட, மத்திய அமெரிக்கக் கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக், எல்லாமே சியாட்டில் சட்டையில்.

இந்த இருவரையும் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். இரண்டு பேருமே நாலு வருடம் முழுசாக அங்கே உட்காரவில்லை. அகாடமிகளின் கண்ணில் படாத பிள்ளைகளுக்குக் கல்லூரி ஒரு நல்ல ஜன்னலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஏற்கெனவே கிளப்பின் கண்ணில் பட்டுவிட்ட பையனுக்கு அங்கே நாலு வருடம் என்பது நீளம்.

எம்எல்எஸ்

மெக்கென்னிக்கு டாலஸ் நீட்டிய ஒப்பந்தத்துக்குத் திரும்பி வருகிறேன். ஹோம்குரோன் விதி 2008ல் வந்தது. தன் அகாடமியில் வளர்ந்த பையனை டிராஃப்டுக்கு அனுப்பாமல் கிளப்பே நேராகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதைய டாலஸ் கோச் ஆஸ்கர் பரேஹா இளைஞர்களை நம்பி இறக்குகிறவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்ட இடத்தை ஏன் விட வேண்டும்?

2016 டாலஸ் நடுக்களத்தைப் பாருங்கள். மௌரோ தியாஸ், கார்லோஸ் குருவேஸோ, கெலின் அகோஸ்டா. பட்டம் வெல்கிற அணி. 18 வயதுப் பையனுக்கு அங்கே வாரா வாரம் இடம் கிடைக்காது. சரி, இரண்டாம் அணியில் ஆடட்டும் என்றால், டாலஸுக்கு அப்போது சொந்தமாக இரண்டாம் அணியே கிடையாது. நார்த் டெக்சாஸ் எஸ்சி 2019ல்தான் வந்தது. அகாடமிக்கு மேலே நேராக முதல் அணி, நடுவில் படிக்கட்டு இல்லை.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே அகாடமியில் மெக்கென்னிக்கு ஒரு வயது இளையவர் பேக்ஸ்டன் பொமிகல், அவரும் மிட்ஃபீல்டர். 2016லேயே ஹோம்குரோன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 2017லும் 2018லும் அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள் சொற்பம். 2019ல் நிலையான இடம் வந்தது, அந்த வருடமே தேசிய அணியிலும் இறங்கினார். அப்புறம் காயம் மாற்றிக் காயம். காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் இரண்டு வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நல்ல பையன், நல்ல கால், ஆடுவதற்கு மேட்ச் இல்லை.

அதே சமயத்தில் நாட்டின் மறுபக்கத்தில் டைலர் ஆடம்ஸுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் வாப்பிங்கர் பகுதிப் பையன், மெக்கென்னியைவிட ஆறு மாதம் இளையவர். 2011ல் நியூயார்க் ரெட் புல்ஸ் அகாடமி. ரெட் புல்ஸ் 2015லேயே இரண்டாம் அணியைத் தொடங்கி எம்எல்எஸ்ஸுக்குக் கீழே உள்ள யுஎஸ்எல் லீக்கில் இறக்கிவிட்டது. 16 வயதில் ஆடம்ஸ் அந்த அணியோடு ஒப்பந்தம். அந்த ஜூலையில் செல்சியோடு நடந்த நட்பு ஆட்டத்தில் ரெட் புல்ஸ் 4-2 என்று ஜெயித்தது, அதில் ஒரு கோல் இந்தப் பள்ளிக்கூடப் பையன் அடித்தது. அதற்காக மறுநாளே முதல் அணியில் தூக்கிப் போட்டுவிடவில்லை. 2016 முழுக்க இரண்டாம் அணியில் வளர்ந்த ஆண்களோடு மோதி ஆடினார், அந்த அணி லீக் கோப்பையே வென்றது. 2017, 2018 இரண்டு வருடமும் முதல் அணியில் நிலையான இடம். 2018ல் சப்போர்ட்டர்ஸ் ஷீல்ட். 2019 ஜனவரியில் ஜெர்மனியின் லைப்சிக் கிளப்.

லைப்சிக்கில் அவருக்குப் புது ஊர், புது மொழி, ஆனால் புது ஆட்டம் இல்லை. இரண்டு கிளப்புக்கும் ஒரே நிறுவனம் பின்னால். எதிராளியிடம் பந்து போன நொடியிலேயே பாய்ந்து பறிக்கிற அதே பாணி. நியூயார்க்கில் அவரை வளர்த்த கோச் ஜெஸ்ஸி மார்ஷ் அப்போது லைப்சிக்கில் துணைக் கோச். இதைவிட மெத்தையான தரையிறக்கம் எந்த அமெரிக்கப் பையனுக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, அட்லெட்டிகோ மாட்ரிட்டோடு 1-1. மாற்று ஆட்டக்காரராக வந்த ஆடம்ஸ் 88வது நிமிடத்தில் உதைத்த பந்து தடுப்பாட்டக்காரர் மேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. லைப்சிக்குக்காக அவருடைய முதல் கோல் அதுதான்.

ஆக, ‘எம்எல்எஸ் நல்லதா’ என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தமில்லை. ஒரே வருடம், ஒரே லீக், ஒரே வயது, ஒரே நிலை ஆட்டக்காரர்கள். நியூயார்க்கில் படிக்கட்டு இருந்தது, டாலஸில் இல்லை. இன்றைக்கு இது மாறிவிட்டது. 2022ல் எம்எல்எஸ் நெக்ஸ்ட் புரோ என்று இரண்டாம் அணிகளுக்கே தனி லீக் வந்த பிறகு பெரும்பாலான கிளப்புகளில் அந்த நடுப்படி இருக்கிறது. 2016ல் மெக்கென்னிக்குக் கிடைக்காத ஒன்று அக்கா மகனுக்கு வீட்டிலிருந்து கார் போகிற தூரத்தில் இருக்கிறது.

ஐரோப்பா

ஆசை காட்டிவிட்டுப் போன அந்த மனிதர் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. 18 வயது நிறையாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா தடுத்து வைத்திருக்கிறது. பெற்றோர் வேறு வேலையாக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் 16 வயதிலேயே போகலாம். அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ்டியன் புலிசிக் 16 வயதில் ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஆட ஆரம்பித்தது தாத்தா வழியில் கிடைத்த குரோவேஷிய பாஸ்போர்ட்டால். இன்னொரு அமெரிக்கரான ஜியோ ரேய்னாவுக்குப் போர்த்துகல் பாஸ்போர்ட். நம் வீட்டுப் பையனிடம் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட் ஒன்றுதான். 18 முடியும் வரை எந்த ஐரோப்பிய கிளப்பும் அவனைப் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன்னால் ‘டிரையல்’, ‘ரெசிடென்ஷியல் கேம்ப்’ என்று யாராவது பணம் கேட்டால், அது அநேகமாக கிளப் வாங்குகிற பணமாக இருக்காது. இதை அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சரி, மெக்கென்னிக்கு ஏன் அது அமைந்தது? அவருடைய அப்பா அமெரிக்க விமானப் படையில் இருந்தவர். ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை குடும்பம் ஜெர்மனியில், கைசர்ஸ்லாட்டர்ன் பக்கத்தில். அங்கே ஓட்டர்பாக் என்கிற ஊரின் சின்னக் கிளப்பில்தான் மெக்கென்னி முதன்முதலில் கால்பந்து ஆடினார். அதனால் 18 வயதில் அவர் போனது முன்பின் தெரியாத தேசத்துக்கு இல்லை, கால்பந்தைக் கற்றுக்கொண்ட நாட்டுக்கு. பிள்ளையைத் தனியாக அனுப்புகிற வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளிநாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழித்த யாருக்கும் தெரியும்.

அடுத்தது ஷால்க் அவருக்குக் கொடுத்த இடம். அந்தக் கிளப்பின் இளைஞர் பிரிவுக்கு க்னாப்பென்ஷ்மீடே என்று பெயர், சுரங்கத் தொழிலாளர்களின் கொல்லுப்பட்டறை என்று பொருள். கெல்சன்கிர்ஹன் நிலக்கரி ஊர். ஸ்டேடியத்தில் ஆட்டக்காரர்கள் களத்துக்கு நடந்து வருகிற வழியையே சுரங்கப்பாதை மாதிரி கட்டியிருக்கிறார்கள். கரி படிந்தது போன்ற சுவர்கள், தலைக்கு மேலே மங்கலான விளக்கு, அந்த இருட்டுக்குள் நடந்து வெளிச்சத்துக்கு வர வேண்டும். டிவியில் அதைப் பார்க்கும்போதெல்லாம், டெக்சாஸ் வெயிலில் வளர்ந்த பையன் முதல் நாள் அதற்குள் நடந்தபோது என்ன நினைத்திருப்பான் என்று யோசிப்பேன்.

அந்தப் பட்டறையில் அப்போது 19 வயதுக்குட்பட்டோர் அணியின் கோச் நார்பர்ட் எல்கெர்ட். மனுவேல் நோயர், மெசூத் ஓசில், யூலியன் டிராக்ஸ்லர், லெராய் சானே எல்லாம் அவர் கையில் பழகியவர்கள். மெக்கென்னி முதல் சீசனை அவரிடம்தான் ஆடினார். அந்த சீசனின் கடைசி நாளில், 2017 மே 20ல், முதல் அணிக்காக இறங்கினார். நவம்பரில் போர்த்துகலுக்கு எதிராக அமெரிக்காவுக்கு முதல் ஆட்டம், முதல் கோல். அடுத்த சீசன் முடிவில் ஷால்க் லீக்கில் இரண்டாமிடம். அப்புறம் கிளப் சரிய ஆரம்பித்தது. 2020ல் அவர் யுவென்டஸுக்குப் போன அதே சீசனில் ஷால்க் கீழ் லீக்குக்கே இறங்கிவிட்டது. மெக்கென்னியோ யுவென்டஸின் முதல் அமெரிக்க ஆட்டக்காரர். அந்த டிசம்பரில் பார்சிலோனாவின் மைதானத்தில், அந்தரத்தில் குதித்து வாலியாக அடித்த கோலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஷால்க்கிலும் எல்லாம் இனிப்பு இல்லை. அவரை டிஃபென்ஸில் நிறுத்தினார்கள், ரைட் பேக்கில் ஓடவிட்டார்கள், ஆள் இல்லாதபோது முன்வரிசையிலும் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு மிட்ஃபீல்டர் தன் இடத்தில் வேரூன்ற வேண்டிய வயதில் இது நல்லதா என்று அப்போது எனக்குச் சந்தேகம். ஆனால் எங்கே நிறுத்தினாலும் 90 நிமிடம் ஆடினார். நான் சொன்ன தராசில் அது எடை போடும்.

இன்னொரு பையனையும் சொல்ல வேண்டும். நிக் டாய்ட்டாக், வர்ஜீனியா மாநிலத்தவர், மிட்ஃபீல்டர். மெக்கென்னிக்கு அடுத்தபடியாக 2017ல் அதே ஷால்க்குக்குப் போனவர். அதே பட்டறை, அதே பாதை. காயங்கள் விடவே இல்லை. முதல் அணிக்காக லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 2021ல் 22 வயதில் கால்பந்தை விட்டே விலகிவிட்டார். மெக்கென்னியின் பெயரைச் சொல்லி ஐரோப்பாவுக்கு அழைக்கிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெற்றோர் இரண்டு பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெரிய லீக்கிலேயே குதிக்க வேண்டும் என்றும் இல்லை. மைக்கேல் பிராட்லி 18 வயதில், 2006 ஜனவரியில், நெதர்லாந்தின் ஹேரன்வேன் கிளப்புக்குப் போனார். 2007-08 சீசனில் நடுக்களத்திலிருந்து லீக்கில் 16 கோல் அடித்தார். அந்த நிலையில் ஒரு மிட்ஃபீல்டருக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை. ஜெர்மனி, இத்தாலியின் ரோமா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. பிரெண்டன் ஆரன்சன் ஃபிலடெல்பியாவிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்குப் போய், அங்கிருந்து 2022ல் லீட்ஸுக்கு ஏறினார். ஐரோப்பா என்றால் எனக்கு இப்படி நடுத்தர லீக்குகள்தான் முதலில் தோன்றும். அங்கே 19 வயதுப் பையனுக்கு இடம் கொடுப்பதே அந்தக் கிளப்புகளின் பிழைப்பு. வளர்த்து விற்றால்தான் அவர்களுக்குப் பணம்.

எந்தக் கதவு, எப்போது

இந்த ஒரு வாரத்தில் என் மனதில் மிக நெருங்கி வந்து உட்கார்ந்த பெயர் மெக்கென்னியோ ஆடம்ஸோ இல்லை, எய்டன் மாரிஸ். நம் ஊரில் பலருக்குத் தெரியாத பெயர். கொலம்பஸ் க்ரூ அகாடமியில் ஆடியவர், மிட்ஃபீல்டர். 2019ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன். 2020ல் ஹோம்குரோன் ஒப்பந்தத்தில் கொலம்பஸுக்கே திரும்பி வந்தார். கல்லூரிக்குப் போனதால் அந்த உரிமை போய்விடவில்லை. அந்த வருட டிசம்பரில் எம்எல்எஸ் இறுதி ஆட்டம். கொலம்பஸின் நடுக்களத் தூண் டார்லிங்டன் நாக்பிக்குக் கோவிட், ஆட முடியாது. அவர் இடத்தில் 19 வயது மாரிஸ். இறுதி ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆடிய மிக இளைய ஆட்டக்காரர் அவர்தான் ஆனார். எதிரே சியாட்டில், அவர்கள் நடுக்களத்தில் ரோல்டன். 3-0 என்று கொலம்பஸ் வென்றது. நான் அதை ரீப்ளேயில் மூன்று முறை பார்த்தேன், பந்து இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் மாரிஸை மட்டும். பந்து வருவதற்கு முன் அந்தப் பையன் தலை திரும்பிக்கொண்டே இருக்கிறது.

நாலே மாதத்தில் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. அந்த சீசன் போயிற்று. திரும்பி வந்து, 2023ல் நாக்பியோடு சேர்ந்து இன்னொரு எம்எல்எஸ் கோப்பை. 2024ல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ. அகாடமி, ஒரு வருடக் கல்லூரி, சொந்த கிளப், அப்புறம் ஐரோப்பா. எதையும் மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்கவில்லை.

மூடுவது என்பதைத்தான் அக்காவிடம் அதிகம் பேசினேன். கல்லூரியிலிருந்து தொழில்முறைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்லூரி அணிக்குத் திரும்புவது அப்படி இல்லை, அமெச்சூர் விதி குறுக்கே நிற்கும். அதே நேரத்தில், அகாடமிப் பையன்கள் சம்பளம் வாங்காமல் அமெச்சூராகவே எம்எல்எஸ் நெக்ஸ்ட் புரோவில் ஆட வழி இருக்கிறது. 17 வயதில் பெரியவர்களோடு மோதி ஆடிய நிமிடங்களும் சேரும், கல்லூரிக் கதவும் திறந்தே இருக்கும். அத்தானுக்கும் இது ஒப்புக்கொள்கிற வழியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் வரிசை இது. இப்போது கையெழுத்து வேண்டாம். இரண்டாம் அணியில் அமெச்சூராக ஆடட்டும். வருட முடிவில் அங்கே வாரா வாரம் தொடக்கத்திலிருந்தே ஆடுகிறவனாக ஆகிவிட்டால் ஹோம்குரோன் ஒப்பந்தம், தயங்க வேண்டாம். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் கல்லூரி, ஆனால் மாரிஸ் மாதிரி ஒன்றிரண்டு சீசன் என்ற எண்ணத்தோடு. ஐரோப்பா 19, 20 வயதில் தானாக வந்தால் வரட்டும், அதுவும் நெதர்லாந்து, ஆஸ்திரியா, டென்மார்க் பக்கமாக. பட்டியலில் அதைக் கடைசியில் வைத்ததற்காக மருமகன் என் மேல் கோபமாக இருக்கிறான் என்று கேள்வி. அவன் அறைச் சுவரில் இருப்பது மெக்கென்னி படம்.

அவனுக்கு ஒரு மேட்ச்சை எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். 2022 நவம்பர் 25, கத்தாரில் அமெரிக்காவும் இங்கிலாந்தும், 0-0. கேப்டன் ஆடம்ஸ், 23 வயது, அந்த உலகக் கோப்பையின் மிக இளைய கேப்டன். அவருக்குப் பக்கத்தில் மெக்கென்னி, டாலஸைத் தள்ளிவிட்டுப் போனவர். இன்னொரு பக்கம் யூனுஸ் மூசா, நியூயார்க்கில் பிறந்து, இத்தாலியிலும் இங்கிலாந்திலும் வளர்ந்து, ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தவர். அணிப் பட்டியலில் கல்லூரி வழியே வந்த ரோல்டனும் உண்டு, டாலஸிலேயே ஹோம்குரோனாகத் தொடங்கிய அகோஸ்டாவும் உண்டு.

அக்கா இந்தச் சனிக்கிழமை கிளப்பின் அகாடமி டைரக்டரைப் பார்க்கப் போகிறாள். கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். போன சீசனில் உங்கள் இரண்டாம் அணியில் 18 வயதுக்குட்பட்ட மிட்ஃபீல்டர்கள் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? இவனுக்கு மேலே அதே இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பதிலைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.